53 பேர் பட்டியல் கணிப்பவர்களுக்கு

நண்பர்களே, என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியும் 90 பேரை 53 ஆகக் குறைக்கவேண்டும். டிராஃப்டின் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த வீரருக்கு இடம் உறுதி, அவரைப் பற்றி யோசிக்கவேண்டாம். முதலில் பந்தை உதைக்கும் கிக்கர், பன்ட்டர், உதைக்காகப் பந்தைப் பின்னால் வீசும் லாங் ஸ்னாப்பர் என மூன்று இடத்தைக் கழித்துவிடுங்கள். பலரும் சறுக்குவது அடுத்ததில்தான்: பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் ஏழு பேரை வைத்துக்கொண்டு, எதிரணியைத் தடுத்து நிற்கும் முன்வரிசையான அஃபென்சிவ் லைனைச் சுருக்குகிறார்கள். ஆட்ட நாளில் அந்த வரிசையின் வீரர்கள் (லைன்மேன்) எட்டுப் பேர் இருந்தால்தான் 48 பேரை இறக்கலாம், இல்லையேல் 47. ஐந்தாவது ரிசீவருக்கும் நான்காவது சேஃப்டிக்கும் (கடைசி வரிசைத் தடுப்பாளர்) ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டமே, அதாவது பந்தை உதைக்கும் கட்டங்களில் ஆடுவதே, வாழ்வு.

ஏழாம் சுற்று வீரரைப் 53க்கு வெளியே உள்ள பயிற்சி அணியில் ஒளித்துவைக்கலாம் என்று எழுதாதீர்கள். அதற்கு முதலில் அவரை விடுவிக்கவேண்டும்; அப்போது வேவர்ஸில் (விடுவித்த வீரரை மற்ற அணிகள் கோரும் முறை) வேறு அணி தூக்கிவிடலாம். 2022 டிராஃப்டில் கடைசியாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டியை சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி 53க்குள்ளேயே வைத்துக்கொண்டது. எவ்வளவு நல்ல முடிவு!