கேட்பதென்றால் தமிழிலும் கேளுங்கள், நோயாளியிடமே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் மனநல சேவையில் எல்லா இனத்தவருக்கும் சரியான கவனிப்பு கிடைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே, நம் தலைவர்கள் இந்திய மருத்துவர்கள் எத்தனை பேர், மானியம் எவ்வளவு என்று போய்விடுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் வைத்தியத்துக்குப் போனவரிடமும், போய்ப் பாதியில் நிறுத்தியவரிடமும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் யாராவது உட்கார்ந்து, அங்கே உங்களுக்கு என்ன நடந்தது, ஏன் திரும்பப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்களா? சுகாதார அமைச்சு அப்படி ஒரு கருத்துக் கேட்பை நடத்த வேண்டும், அதைத் தமிழிலும் நடத்த வேண்டும்.

அண்மையில் ஓர் அரசாங்க கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தில் பால்மரம் சீவியவர், கடை கண்ணிக்குப் போய் வரும் அளவுக்கு மலாய் தெரியும். தூக்கமே இல்லை, நெஞ்சு அடைக்கிறது, மண்டைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வந்திருந்தார். கையில் ஒரு மலாய் பாரம், அதாவது படிவம், கொடுத்திருந்தார்கள். மனச்சோர்வைக் கண்டறிவதற்கான ஒன்பது கேள்விகள், அதில் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வருகிறதா என்பது. படித்துக் காட்டியது பள்ளிச் சீருடையில் இருந்த பேரன். எட்டுக் கேள்விவரை தட்டுத்தடுமாறிச் சொன்னவன் ஒன்பதாவதைப் படித்துவிட்டுப் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். "இது ஒண்ணுமில்ல பாட்டி" என்று சொல்லிவிட்டு, இல்லை என்ற கட்டத்தில் அவனே கோடு போட்டான். அந்தப் பிள்ளை வேறென்ன செய்வான்? மிஸ்ஸியையும் (தாதியையும்) குறை சொல்ல மனமில்லை, வரிசை வாசல்வரை நின்றது. ஆனால் பாட்டியிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வியை யாருமே கேட்கவில்லை, பாரம் மட்டும் முழுசாக நிரம்பி உள்ளே போய்விட்டது.

2019 தேசிய சுகாதார ஆய்வில் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023 ஆய்வில் 4.6 விழுக்காடு ஆகிவிட்டது. தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் அறிக்கைகளில் இந்தியர்களின் விகிதம் மற்ற இனங்களைவிட அதிகமாக இருந்தது. மக்கள் தொகையில் நாம் 7 விழுக்காடு அளவில்தான் இருக்கிறோம், மொத்தக் கணக்கில் கரைந்துபோகிறோம். அதனால்தான் இனவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். இதில் இனவாதம் எதுவும் இல்லை. பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களுக்கும், சபா சரவாக் உட்புறத்தில் இருப்பவர்களுக்கும் இதே நியாயம்தான்.

இங்கிலாந்தில் நடந்ததையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளி 1998இல் நார்விச் நகர மனநல மருத்துவமனையில் ஊழியர்கள் அழுத்திப் பிடித்திருந்தபோது இறந்துபோனார். விசாரணைக் குழு, இனப்பாகுபாடு அந்தச் சேவையின் அமைப்பிலேயே ஊறியிருப்பதாகச் சொன்னது. அதன்பிறகு 2005இல் அரசாங்கம் ஐந்தாண்டுத் திட்டம் போட்டது, சமூகங்களுக்குள் போய் வேலை செய்ய 500 பணியாளர்களை நியமிப்பதாகச் சொன்னது, மருத்துவமனைகளில் யார் யார் எந்த இனம் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. சரி, பலன்? 2010இல் கடைசிக் கணக்கெடுப்பு வந்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. இன்றைக்கும் அங்கே மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக அனுமதிக்கப்படுவதில் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் கணக்கு எடுத்து வைத்திருந்ததால், மாறவில்லை என்பதையாவது யாரும் மறைக்க முடியவில்லை. 2023இல் புதிய விதிமுறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மனநலச் சேவை அமைப்பும் நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் திட்டம் வகுக்க வேண்டும், நடந்ததை வெளியிடவும் வேண்டும்.

அங்கே பிரச்சினை பலவந்தம். இங்கே நம் ஆட்கள் முதலில் கோயிலுக்குப் போய், மந்திரித்து, கயிறு கட்டி, அப்புறம் ஒரு நாள் ராத்திரி வீட்டில் கலவரமாகி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே கேலிக்குப் பயன்படுத்தி வளர்ந்த நாட்டில், பெண் கொடுக்க மாட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயம் சும்மா வராது. ஆனால் பயத்தைத் தாண்டி வந்தவர்களுக்கும் அந்த மேசைக்கு முன்னால் தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்ல வழியில்லை என்றால், அடுத்த முறை எப்படி வருவார்கள்? ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்க்கும் கிளினிக்தான், காசு அவர்களைத் தடுக்கவில்லை.

கருத்துக் கேட்பு என்றதும் ஹோட்டல் மண்டபம், மாலை, பொன்னாடை, தலைவர் உரை என்று ஆகிவிடக் கூடாது. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பிபிஆர் என்ற மலிவு விலை அடுக்குமாடிகள், பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்து வருகிற நேரத்தில், பத்துப் பதினைந்து பேராக. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். நோயாளியும் அவர் குடும்பமும் தனித்தனியாகப் பேசட்டும், ஏனென்றால் பல வீடுகளில் கஷ்டமே குடும்பத்துக்குள்தான் இருக்கிறது. கேட்டதை என்ன செய்தீர்கள் என்று ஓராண்டில் தமிழிலும் வெளியிடுங்கள். இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாத ஒன்று, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை இப்போதே நிறுத்துவது. ஒரு கிளினிக்கில் தமிழ் பேசும் ஊழியர் இல்லையென்றால் இன்னொரு கிளினிக்கில் இருப்பவரைத் தொலைபேசியில் கூப்பிடலாம், பெரிய செலவு ஆகாது.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது, இன்னும் போலீசுக்குப் பயந்து மறைக்கிறார்கள். உங்கள் நாளிதழ் இதை அடிக்கடி எழுத வேண்டும். அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி 15555 எண்ணையும், 24 மணி நேரமும் பேசலாம் என்றிருக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண்ணையும் ராசிபலன் பக்கத்திலேயே தினமும் போடுங்கள் ஐயா, அந்தப் பக்கத்தை எல்லாரும் படிக்கிறார்கள்.

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்