மழை பெய்த இரவுக்குப் பாதிக் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருக்கூத்து பிழைக்க வேண்டுமானால் அரசு இன்னும் நிறைய விருதுகள் தர வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தரட்டும், நல்லதுதான். ஆனால் கூத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. செய்யாறு பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்கு (பாரதக் கதையைக் கூத்தாக நடத்தும் திருவிழா) 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். எங்கள் பக்கத்தில் கூத்துக்குப் படியளப்பது தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் நன்கொடை வாங்கி, அதில்தான் திரௌபதி கல்யாணத்து வில் வளைப்பு முதல் துரியோதனன் விழுகிற படுகளம் வரை நடக்கிறது.

அந்த வரவில் பந்தல், சீரியல் விளக்கு, வாணவேடிக்கை எல்லாம் முதலில் போய்விடும். அவர்களிடம் பேரம் செல்லாது. ‘ரேட் ஏறிப்போச்சுங்க’ என்று ஒரே வார்த்தை. மிச்சத்தில்தான் கூத்து. வேடக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை என்று எங்கள் ஊருக்கு வரும் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், 15 பேர். தாம்பூலம் மாற்றி ஒப்பந்தம் செய்யும்போது பேசிய தொகையில் வேன் வாடகையைக் கழித்து 15 பேருக்குப் பங்கிட்டுப் பார்த்தேன். விடிய விடிய ஆடியவருக்கு, எங்கள் ஊர்க் கொத்தனார் பகலில் வாங்குகிற கூலிகூட வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், பாரதப் போரின் கடைசி நாள் கதையான பதினெட்டாம் போர்க் கூத்து அன்று, இரவு ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. துரியோதன வேடக்காரர் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய சாமான்கள், நனைந்தால் போச்சு. அரிதாரம் வழிய, விடியும்வரை கோயில் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் சேற்றில் படுகளம் ஆடிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கணக்கு முடிக்கும்போது, ‘அந்த ராத்திரிக்குப் பாதிதான்’ என்றது விழாக் குழு. எழுதியது நான். ஜமாவை நடத்தும் வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதே பக்கத்தில் நாலு வரி மேலே சீரியல் விளக்குக்கு முழுத்தொகை எழுதியிருக்கிறது. அன்றைக்கு மழையில் கரண்டே இல்லை.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. திறந்த வெளியில் கூத்து ஏது? யாராவது இறந்துபோனால் காரியத்துக்கு முந்தின இரவு கர்ண மோட்சக் கூத்து வைப்பார்கள், மழைக்காலத்தில் அதுதான் வரும்படி. மற்ற நாளில் சித்தாள் வேலை, சென்னையில் வாட்ச்மேன் வேலை. அதுவும் கிடைக்காதவர் ஜமாக்காரரிடம் அடுத்த வருடத்துக்கு அட்வான்ஸ் வாங்குகிறார். ஜமாக்காரர் வெளியில் வட்டிக்கு வாங்கித் தருகிறார். சித்திரையில் கூத்துக்காரர் கட்டுகிற வேடம், போன கார்த்திகையில் தின்ற சோற்றுக்கு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் வந்தது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், குடும்பத்தில் சாவு என்றால் அதில் உதவி உண்டு. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறார்கள், ஆனால் 58 வயது நிறைந்திருக்க வேண்டும். 35 வயது அர்ச்சுனன் கார்த்திகை மாதம் அரிசி வாங்க இதில் எதைக் கேட்பது?

வழி கடற்கரையில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதற்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணமாக 8,000 ரூபாய் கிடைக்கிறது. மீன் குறைகிற காலத்துக்கென்று தனி உதவியும் உண்டு. (வேடிக்கை என்னவென்றால் அந்த 61 நாளில்தான் கூத்துக்காரருக்கு ஓய்வே இருக்காது.) வாரியத்தில் பதிவு செய்த கலைஞர்களுக்கும் மழைக்கால மூன்று மாதத்துக்கு அப்படி ஒரு தொகை கொடுத்தால் பாதிப் பேர் வட்டிக்காரரிடம் போக மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் வாரியத்திடமே இருக்கிறது, புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதுகூட இல்லை.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியதற்கு அரசாணை வரவேண்டிய அவசியமும் இல்லை. இந்த வருடம் தாம்பூலம் மாற்றும்போது, மழை வந்து கூத்து நின்றாலும் முழுத்தொகை என்று நோட்டில் எழுதி, குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.