அடுப்பை எண்ணிவிட்டு அரண்மனையை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கற்பனை நாட்டுக் கதையின் முதல் பாகத்தை முழுக்கப் படித்தாகிவிட்டது. ஏழு குடி, ஏழு கொடி, பனிமலை, கருங்கோட்டை, எல்லாம் கண்ணில் நிற்கிறது. ஆனால் 21-ஆம் அத்தியாயத்தில் தளபதி கோட்டை வாசலைத் திறந்து எதிரியை உள்ளே விடுகிறானே, அங்கே படிக்கிறவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. "பயல் அப்படித்தான்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவான். அந்த அத்தியாயத்தை எத்தனை முறை திருத்தினாலும் இது சரியாகாது. கோளாறு முந்தின இருபது அத்தியாயத்தில் இருக்கிறது.

உன் தளபதிக்கு ஒரே ஓர் எசமானன். அந்த ஒருவனை விற்கிறான், அவ்வளவுதான். நல்ல துரோகம் அப்படி நடக்காது. ஒருவன் இரண்டு இடத்தில் கடன்பட்டிருப்பான். இரண்டும் நியாயமான கடன். இரண்டும் ஒரே ராத்திரியில் கதவைத் தட்டும். ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முறிகிற நிலைமையை நீதான் கட்டி வைக்க வேண்டும். எந்தக் கடனை முறித்தானோ அந்த வீட்டார் அவனைத் துரோகி என்பார்கள். தீர்த்த வீட்டார் சொன்ன சொல் காத்தவன் என்பார்கள்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பனிமலையை எழுதுகிறாயே என்று கேட்க மாட்டேன். பனிமலை இருக்கட்டும். குடி என்ற ஒன்று எப்படி நடக்கிறது என்பதற்கு மட்டும் உன் தெருவைப் பார்.

நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) ஒன்பது கோவில், கோவிலுக்கு ஒரு பிரிவு: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரே கோவில்காரர்கள் பங்காளிகள் என்பதால் பெண் கொடுத்து எடுப்பது பெரும்பாலும் வெளிக்கோவிலில்தான். இதைக் கதைக்காரன் கண்ணோடு பார். ஒரு வீட்டில் பிறந்த ஆண்கள் எல்லாரும் ஒரு கோவில்; அந்த வீட்டு அடுப்படியில் நிற்கிற பெண்கள் எல்லாரும் வேறு வேறு கோவிலில் பிறந்தவர்கள். நாளைக்கு இரண்டு குடிக்கு நடுவே சண்டை வந்தால் கோடு எல்லையில் விழாது, அடுப்படியில் விழும். உன் ஏழு குடியும் ஒன்றோடொன்று பெண் கொடுத்து எடுத்தவை என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அந்தப் பெண்களை மறந்துவிட்டாய். தளபதியின் மனைவி எந்தக் குடியில் பிறந்தவள் என்று 300 பக்கத்திலும் ஒரு வரி கிடையாது.

புள்ளிக் கணக்கையும் எடுத்துக்கொள். கல்யாணமானால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோவில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். மகனை வேறு வைத்துவிட்டால் அதே வீட்டில், அதே வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி, அவனுக்கு ஓர் அறை, தனி அடுப்பு. ஒரே முகப்பு, ஒரே விலாசம், அடுப்பு மட்டும் ஐந்து. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு வீடு. உள்ளே இருப்பவனுக்கு ஐந்து குடும்பம், ஐந்து வரவு செலவு. "சிங்கக் குடி படை அனுப்பியது" என்று நீ எழுதும்போது எந்த அடுப்பு அனுப்பியது, எந்த அடுப்பு முணுமுணுத்தது என்று உனக்காவது தெரிந்திருக்க வேண்டும். பிளவு முதலில் தெரிகிற இடம் அதுதான்.

வீட்டைச் சொன்னதால் இன்னொன்று. சதி பேசுகிற காட்சிகளை எல்லாம் நிலவறையில் வைத்திருக்கிறாய். பழைய செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று உள்ளே பார். வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசலுக்கு நேர் வாசலாகப் பின் தெரு வரைக்கும் பார்வை போகும். யார் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் திண்ணையில் இருக்கிறவர் கண்ணில் படும். அப்படிப்பட்ட வீட்டில் ரகசியம் பேச வேண்டுமானால் எல்லாருக்கும் நடுவில், வேறு எதையோ பேசுவதுபோலப் பேச வேண்டும். சீர் சாமான் பட்டியலை வாசித்துக்கொண்டே நாள் குறிக்கலாம். நிலவறையைவிட அது பயங்கரமாக இருக்கும்.

இனி வேலை. ஒரு பேரேடு போடு, நிசமான நோட்டில். குடிக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் இந்தக் குடி பிறருக்குப் பட்ட கடன், வலது பக்கம் பிறர் இதற்குப் பட்டது. பணம் கடைசியில் வரட்டும். முதலில் பெண் கொடுத்தது, எடுத்தது. அடுத்து பிள்ளை கூட்டியது. சுவீகாரம் போன பையன் பெற்ற வீட்டில் பங்கு இழந்தவன், ஆனால் பெற்றவள் அங்கேதான் இருக்கிறாள்; இவனைப்போல ஒரு பாத்திரம் தானாக அமையாது. பிறகு அடைக்கலம் கொடுத்தது, போரில் செத்த ஆள், கோவிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு, காவலுக்கு விட்ட சாவி. ஒவ்வொரு பற்றுக்கும் எந்தத் தலைமுறையில் விழுந்தது என்று எழுது. தாத்தா பட்ட கடனைப் பேரன் மறந்திருப்பான், கொடுத்த வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வித்தியாசம் மட்டுமே ஒரு பாகத்துக்குப் போதும்.

ஏழு குடிக்கு இப்படி எழுதினால் கணக்கு கையை மீறும். முதல் பாகத்தில் நான்கை மட்டும் முழுசாக எழுது. மூன்றைப் பேரளவில் வை. நான்கு குடி என்றாலே ஆறு சோடி உறவு. ஏழு என்றால் 21. படிக்கிறவன் 21 உறவை நினைவில் வைக்க மாட்டான், நீயும் வைக்க மாட்டாய். 14-ஆம் அத்தியாயத்தில் மைத்துனன் என்று சொன்னவனை 18-இல் சித்தப்பா ஆக்கியிருப்பது அதனால்தான்.

துரோகத்துக்கு உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டாம். சிறுவயல் உனக்குப் பக்கத்து ஊர். கட்டபொம்மனை 1799-இல் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை பிறகு சிறுவயலுக்கு, சிவகங்கைச் சீமையை நடத்திய பிரதானிகளான மருதிருவரிடம் வந்து சேர்ந்தார். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கேட்டும் அவர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. சுற்றி இருந்த இரண்டு சீமை, ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி. ஒரு சீமை பிடித்துக் கொடுத்தது, ஒன்று அடைக்கலம் கொடுத்தது. ஆனால் தொண்டைமான் வீட்டுப் பேரேட்டைத் திறந்தால் கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே கும்பினியோடு கொண்ட நட்பு அதில் இருக்கும். அந்தக் கணக்குப்படி அவர் செய்தது பாக்கி தீர்த்தது. இதை ஒத்துக்கொள்ள நம்மில் பலருக்குக் கசக்கும். கதை எழுதுகிறவன் அந்தக் கசப்பை விழுங்கித்தான் ஆகவேண்டும்.

அதற்குப் பின் நடந்ததுதான் உனக்கு முக்கியமான பாடம். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தது கும்பினிப் படை. ஒரு மாதம்போல் வெட்டியும் முடியாமல் விட்டுவிட்டார்கள். கோடரிக்கு மசியாத காடு. ஆனால் கும்பினி இன்னொரு வேலையையும் செய்திருந்தது: படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரே சிவகங்கைக்கு உரிமையுள்ளவர் என்று ஜூலையிலேயே அறிவித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் பட்டமும் கட்டியது. இப்போது சிவகங்கைச் சீமையில் ஒவ்வொரு குடியானவன் முன்னாலும் இரண்டு விசுவாசம். நாட்டைக் காத்து நிற்கிற பிரதானிகளா, அரச வம்சமா? யாரும் பொன்னுக்கு விலைபோக வேண்டிய அவசியமே இல்லை. "நான் என் ராசா பக்கம் போகிறேன்" என்று தலை நிமிர்ந்து விலகலாம். அக்டோபர் 1-இல் காளையார்கோவில் விழுந்தது. 24-இல் திருப்பத்தூரில் மருதிருவருக்குத் தூக்கு. உன் வில்லன் பொன் மூட்டையோடு வருகிறான். அதைக் கொடுக்காதே, அவன் கையில் ஒரு நியாயமான வாரிசைக் கொடு.

துரோகம் நடந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் நீ விட்டுவிட்டாய். உன் கதையில் தளபதியின் தலையை வெட்டுகிறார்கள், முடிந்தது. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டைப் படி. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் "துரோகிகள்" என்றே சொல்கிறது. ராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்கள் பெயர் வரும். தம்பிமார் இருவருக்கும் பிரமாதிராசன் என்ற பட்டம். ஒருவர் பட்டத்தில் பாண்டியனைக் குறிக்கும் "பஞ்சவன்", இன்னொருவர் பட்டத்தில் "இருமுடிச்சோழன்". ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு அரசின் பெயர். பிறகு யார் யார் சொத்து பறிபோகிறது என்ற பட்டியலைப் பார்: பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், பெண்மக்களைக் கட்டியவர்கள். கொலை ஒரு ராத்திரி. தண்டனை கல்யாணப் பத்திரிகை போன இடமெல்லாம் போகிறது. உன் இரண்டாம் பாகம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. வாசல் திறந்த மறுநாள் தளபதியின் தங்கை புருசன் என்ன செய்வான்?

சத்தியம் செய்த மெய்க்காவலர்கள் பற்றி ஒரு சொல். எதைச் சொன்னாலும் செய்கிறார்கள், பொம்மைபோல. 11-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் முதலாம் விசயபாகுவிடம் இருந்த, தமிழ் வீரர்களான வேளைக்காரர் படையைச் சோழர் மேல் ஏவியபோது அவர்கள் மறுத்துத் திரும்பி, பொலன்னறுவை அரண்மனையையே கொளுத்தினார்கள். எந்தச் சத்தியத்துக்கும் அதைச் செய்தவன் மனசுக்குள் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முன்கூட்டியே ஒரு சின்னக் காட்சியில் காட்டு.

சில்லறைக் கோளாறு ஒன்று. உன் வரைபடத்தில் இரண்டு கோட்டைக்கும் நடுவே 240 கிலோமீட்டர். பீரங்கியும் மாட்டு வண்டியும் இழுத்துப்போகிற படை நாளைக்கு 15, 20 கிலோமீட்டர் போனால் பெரிது. 12 முதல் 16 நாள் ஆகும். நீ நான்கு நாளில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். அந்த நாட்களைத் திருப்பிக் கொடு. தளபதிக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், மனைவி அவனைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

இப்போது 21-ஆம் அத்தியாயம். தளபதியின் மனைவியை முற்றுகையிடும் குடியில் பிறந்தவளாக்கு. வெளியே நிற்கும் படையில் அவள் தம்பி. உள்ளே தானியம் இன்னும் ஒன்பது நாளைக்கு. அந்தக் கணக்கு அவள் கையில், ஏனென்றால் பத்தாய அறைச் சாவி அவளிடம். 6-ஆம் அத்தியாயத்தில் அவள் சாவியை இடுப்பில் செருகுவதைச் சும்மா ஒரு வரியில் சொல். 13-இல் தன் அடுப்புக்கு அளக்கிற படியில் தலை தட்டி அளக்கட்டும், யாரும் காரணம் கேட்க வேண்டாம். 19-இல் தளபதி சாப்பிட உட்கார்ந்து, இலையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போகட்டும். நான்காவது குறிப்பு வேண்டாம். வைத்தால் படிக்கிறவன் முந்திக்கொள்வான். வாசல் திறக்கிற காட்சியில் தளபதி பேசுகிற ஒன்றரைப் பக்க வசனத்தை முழுக்க எடுத்துவிடு.

அடுத்த வரைவை அனுப்பும்போது பேரேட்டு நோட்டையும் சேர்த்து அனுப்பு. அதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அண்ணன்