நீக்கிய காட்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள்: தயாரிப்பாளர்களுக்கும் எடிட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் எடிட்டர்களுக்கும்,

வணக்கம். 2000-களின் நடுவில் சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் டிவிடி ஆத்தரிங் வேலை பார்த்தவன் நான். உங்கள் படத்தின் மாஸ்டர் டேப் எங்களிடம் வரும். அதை டிவிடிக்கான எம்பெக்-2 வீடியோ வடிவத்துக்கு மாற்றி, மெனு செய்து, சப்டைட்டில் ஏற்றி, டிஸ்க் அச்சடிக்கும் இடத்துக்கு அனுப்புவோம். அந்த வேலையில் கிடைத்த அறிவும், அதில் மிஞ்சிய ஒரு வருத்தமும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைக்கின்றன.

ஒருநாள் சாயங்காலம் ஒரு படத்தின் மேனேஜர் பை நிறைய டேப்புகளுடன் வந்தார். "இதுல எட்டு நிமிஷம் நீக்கின காட்சி இருக்கு. படத்துக்குள்ளயே சேர்த்துடுங்க. வேணும்னா பழைய படமாவும் பார்க்கணும், புதுசாவும் பார்க்கணும்" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். டேப்பை டெக்கில் போட்டோம். படத்தின் கீழே டைம்கோடு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கலர் சரிசெய்யாத, வெளிறிய ரஷ், அதாவது படப்பிடிப்பில் எடுத்தபடியே இருக்கும் காட்சி. ஒலி என்று இருந்தது படப்பிடிப்புத் தளத்தில் வழிகாட்டியாகப் பதியும் பைலட் டிராக் மட்டும். கேமரா ஓடும் சத்தம், எங்கோ ஒரு காக்கை, அதற்கு நடுவே உதவி இயக்குநர் ஒருவர் வசனத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்கும் குரல். கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. உதவி இயக்குநர் சொல்லச் சொல்ல, கதாநாயகி திருப்பிச் சொல்கிறார். சமையலறையில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி அது. அந்தக் கோலத்திலும் என்னைக் கலங்க வைத்தது. அது இல்லாததால்தான் படத்தின் கடைசியில் மகள் எடுக்கும் முடிவு திடீரென்று வந்ததுபோல் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சேர்க்க முடியவில்லை. டிஸ்க் அந்தக் காட்சி இல்லாமல்தான் வெளியானது. சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, அலுவலகம் மாறியதில் டேப்புகள் போன இடம் தெரியவில்லை என்றார்கள்.

ஏன் சேர்க்க முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். என்ன தடை என்று தெரிந்தால்தான் எங்கே கைவைத்தால் அது நீங்கும் என்பதும் தெரியும்.

முதலில் இடக் கணக்கு. இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி கொள்ளும். 2 மணி 40 நிமிடப் படத்தை அதில் வைத்தால், ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 7 மெகாபிட் கிடைக்கும். இது நல்ல தரம். பாட்டுக் காட்சியில் ஐம்பது பேர் ஆடினாலும் படம் கட்டம் கட்டமாக உடையாது. அதே டிஸ்கில் பழைய பதிப்பு ஒன்று, பத்து நிமிடம் கூடிய புதிய பதிப்பு ஒன்று என முழுதாக இரண்டையும் வைத்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் மிஞ்சும். இரண்டுமே பாழாகும். அதனால் பொதுவான பகுதியை ஒருமுறை மட்டும் எழுதி, வேறுபடும் காட்சிகளை மட்டும் தனியாக வைத்து, ப்ளேயரையே வழி பிரிந்து போகச் சொல்வார்கள். சீம்லெஸ் பிராஞ்சிங் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட 6.7 மெகாபிட் கிடைத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ப்ளேயரின் லேசர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் திரையில் படம் நிற்காமல் ஓட, ப்ளேயரின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் சொற்பத் தகவல்தான் கைகொடுக்க வேண்டும். அது ஓரிரு நொடிகூடத் தாங்காது. ஆகவே இரண்டு வழிகளின் காட்சிகளையும் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, மாற்றி மாற்றி அடுக்குவார்கள். பூக்காரம்மா மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுப்பது நினைவுக்கு வருகிறதா? அதேதான். லேசர் மல்லியை மட்டும் எடுத்துக்கொண்டு கனகாம்பரத்தைத் தாண்டித் தாண்டிப் போகும். தாண்டும் நேரத்தை ஈடுகட்ட அந்த இடத்தில் தகவல் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவது அடுக்குக்கு மாறும் இடம் இதற்குள் வந்துவிடக் கூடாது. சாப்டர் எண்களையும் சப்டைட்டிலையும் ஒவ்வொரு வழிக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் முழுதாகச் செய்யவல்ல மென்பொருள் அன்றைக்கு எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது.

ஒலிதான் என்னைப் பெரிதும் வதைத்தது. டால்பி டிஜிட்டல் ஒலியின் ஒரு துண்டு 32 மில்லி நொடி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பால் (PAL) டிவி முறையில் படத்தின் ஒரு பிரேம் 40 மில்லி நொடி. நான்கு பிரேமுக்கு ஒருமுறைதான் இரண்டின் ஓரமும் ஒன்றாக வரும். நம் டிவிடிகள் பலவும் வெளிநாட்டுச் சந்தைக்காக அமெரிக்க டிவி முறையான என்.டி.எஸ்.சி. முறையில் வந்தன, அதில் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒத்துவரும். எடிட்டர் வெட்டிய இடம் அந்த ஓரத்தில் விழாவிட்டால் ஒலியில் ஒரு சின்ன இடைவெளியோ 'டக்' என்ற சத்தமோ வந்துவிடும். அது வசனம் இல்லாத இடமாக இருந்தால் பிழைத்தோம். ஆனால் நம் படங்களில் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, இல்லாத இடம் எங்கே இருக்கிறது? ஒரு காட்சியில் ஆரம்பிக்கும் வயலின் மூன்றாவது காட்சியில்தான் அடங்கும். நடுக்காட்சியை எடுத்தால் இசையையும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அப்போது படம் பிரியும் இடத்தில் ஒலி பிரியாது. இசை தொடங்குவதற்கு முன்பாகவே வழியைப் பிரித்து, பொதுவான பகுதியையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும்.

இத்தனை சிக்கல்களையும் தாண்டிக் காட்டியவர்கள் உண்டு. 2000-இல் அமெரிக்காவில் வந்த 'டெர்மினேட்டர் 2' டிவிடியில் தியேட்டர் பதிப்பும் நீண்ட பதிப்பும் இப்படித்தான் பின்னியிருந்தன. கதையில் வரும் அழிவு நாளான 1997 ஆகஸ்ட் 29-ஐ எண்களாக அழுத்தினால் இன்னும் நீளமான மூன்றாவது பதிப்பும் திறக்கும். 2007-இல் 'பிளேட் ரன்னர்' தொகுப்பில் மூன்று பழைய பதிப்புகள் ஒரே டிஸ்கில் இருந்தன. அதே ஆண்டு ரிட்லி ஸ்காட் முடித்த இறுதிப் பதிப்புக்கு மட்டும் தனி டிஸ்க். கலரும் ஒலியும் புதிதாகச் செய்த பதிப்பைப் பழைய துண்டுகளோடு கோக்க முடியாது அல்லவா? 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தின் நீண்ட பதிப்புக்குப் புதிதாக இசை சேர்த்தார்கள்; 208 நிமிடப் படத்தை 2002-இல் இரண்டு டிஸ்குகளாகப் பிரித்துத் தனியாகவே வெளியிட்டார்கள்.

ஆனால் நம்முடைய நிலைமைக்கு மிக நெருக்கமான உதாரணம் 'ஏலியன் 3'. 2003-இல் டிவிடியில் வந்த அதன் நீண்ட பதிப்பு, தியேட்டரில் வந்ததைவிடச் சுமார் அரை மணி நேரம் பெரியது. சேர்த்த காட்சிகள் சிலவற்றுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் பதிவான ஒலி மட்டுமே இருந்தது. வசனம் கேட்காத இடங்களில் சப்டைட்டில் போட்டுச் சமாளித்தார்கள். 2010-இல் புளூ-ரே வந்தபோது நடிகர்கள் சிலரை மறுபடி வரவழைத்துக் குரல் பதிவு செய்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். படம் வெளியான 1992-க்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தளத்திலேயே ஒலி பதிவு செய்யும் ஊரிலேயே இந்தப் பாடு என்றால், நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நம் வழக்கத்தில் எடிட்டிங் முடிந்த பிறகுதான் டப்பிங். அதற்கும் பிறகுதான் ஆர்.ஆர். அதாவது டப்பிங்குக்கு முன்பே நீக்கிய காட்சிக்குக் குரலும் கிடையாது, இசையும் கிடையாது, காலடிச் சத்தம்கூடக் கிடையாது. நெகட்டிவ் வெட்டும்போது அந்தக் காட்சியின் ஃபிலிம் டப்பாவிலேயே தங்கிவிடும். அப்புறம் சென்னை லேப்கள் ஃபிலிம் கழுவுவதையே நிறுத்தின. கேட்பாரற்றுக் கிடந்த டப்பாக்களின் கதி உங்களுக்கே தெரியும். அன்றைக்கு எங்களைத் தோற்கடித்தது டிவிடியின் விதிமுறை இல்லை. விதிமுறையை எப்படியாவது வளைத்திருப்போம். கையில் முழுமையான காட்சி இல்லை, அதுதான் விஷயம்.

டிவிடிக் காலம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்று கேட்பீர்கள். இப்போதுதான் இது அதிகம் தேவை. 'இந்தியன் 2' வெளியான சில நாட்களில் 12 நிமிடம் குறைத்தார்கள். 2001-இல் வந்த 'ஆளவந்தான்' 2023-இல் நீளம் வெகுவாகக் குறைந்து மறுபடி தியேட்டருக்கு வந்தது. அதே 2023-இல் 'விடுதலை' முதல் பாகம் ஓடிடியில் கூடுதல் காட்சிகளோடு வந்தது. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று உருவங்கள் இருப்பது இன்று சாதாரணம். ஓடிடியில் லேசர் தாவவும் வேண்டாம், 8.5 ஜிபி என்ற எல்லையும் இல்லை. இருந்தும் நாம் செய்வது பெரும்பாலும் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதுதான். முதல் நாள் பார்த்த படம் இனி எங்கே இருக்கிறது என்று ஒரு ரசிகர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எல்லாப் படத்துக்கும் நீண்ட பதிப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெட்டியது நல்லதுக்குத்தான் என்று ஆகிவிட்ட காட்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பல படங்களுக்கு, நீக்கிய காட்சிகளைத் தனியாகக் கொடுத்து, ஏன் நீக்கினோம் என்று எடிட்டர் இரண்டு நிமிடம் பேசினால் போதும். அதுவே சினிமா படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய பாடம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு காட்சியை நீக்குவது என்று முடிவானதும், அதன் ஒரிஜினல் கோப்புகளைப் பைலட் டிராக்கோடு படத்தின் மற்ற கோப்புகள் இருக்கும் இடத்திலேயே இரண்டு பிரதிகளாக வையுங்கள். எந்த பிரேமில் தொடங்கி எந்த பிரேமில் முடிகிறது, முன்னும் பின்னும் எந்தக் காட்சி என்று எழுதி அதனுடன் சேருங்கள். நடிகர் டப்பிங்குக்கு வந்திருக்கும் அன்றைக்கே, முக்கியமென்று இயக்குநர் நினைக்கிற நீக்கிய காட்சிக்கும் அரை மணி நேரம் குரல் வாங்கிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே குரல் கிடைக்காது. வசனம், இசை, சத்தங்கள் மூன்றையும் தனித்தனி டிராக்காக வைத்துக்கொள்ளுங்கள்; மிக்ஸ் ஆன ஒன்றை மட்டும் வைத்திருந்தால் பின்னால் யாராலும் எதையும் பிரித்துச் சேர்க்க முடியாது. வெளியான பிறகு ட்ரிம் செய்தால் முதல் நாள் பதிப்பின் டிசிபியை, அதாவது தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியை, அழிக்காதீர்கள். எந்தத் தளத்தில் கொடுத்தாலும் இது எத்தனை நிமிடப் பதிப்பு, எந்த ஆண்டில் தொகுத்தது என்று ஒரு வரி போடுங்கள்.

உங்களில் யாரிடமாவது பழைய டிஜிபீட்டா டேப்புகள், ஹார்ட் டிஸ்குகள், பெயரெழுதாத டப்பாக்கள் இருந்து, என்ன இருக்கிறது என்று பார்க்க ஆளில்லாமல் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் எதுவும் வேண்டாம். வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அந்தச் சமையலறைக் காட்சி அதில் எங்காவது இருந்தால் எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.

அன்புடன்,
முன்னாள் டிவிடி ஆத்தரிங் தொழிலாளி ஒருவன்,
சென்னை