தொண்ணூறு அடி சாலைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தாராவிச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

என் வீட்டுக்காரிக்கு, சுருங்கின இதய வால்வைப் பலூன் விட்டு விரிக்கும் சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். 0.9 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிக் கிடந்த மைட்ரல் வால்வு இப்போது 1.7 வரை திறக்கிறதாம். பால் வாங்கப் போனாலும் நிறுத்தி விசாரிக்கிறீர்கள், எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஊரில் வந்த தொண்டைப் புண்ணும் அதை ஒட்டி வந்த மூட்டுக் காய்ச்சலும்தான் வால்வைக் கெடுத்தது என்றார்கள். நோய் தெரிந்த பிறகுதான் பெரிய குழப்பம். ஒரு டாக்டர் பலூன் போதும் என்றார். இன்னொருவர், வால்வையே மாற்றிவிடலாம், திரும்பத் திரும்ப வர வேண்டாம் என்றார். ஒருவராவது மோசமான டாக்டராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்!

அந்த நேரத்தில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வால்வை வரைந்து காட்டினார். இதழ்களின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, அடியில் பிடித்திருக்கும் நாண்கள் என்று நாலுக்கும் தனித்தனியாக மார்க் உண்டு, மொத்தம் 16. எட்டும் அதற்குக் கீழும் என்றால் பலூன் நன்றாக வேலை செய்யும். இவளுக்கு 9. "பரீட்சையிலும் எனக்கு எப்பவும் ஒரு மார்க்தான் இடிக்கும்" என்றாள் இவள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு இவளிடமே கேட்டார்: "உங்களுக்கு எது வேணும்?" அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை. பலூன் போட்டாலும் சில வருஷம் கழித்து வால்வு மறுபடி சுருங்கலாம் என்பதைக் கேட்டுக்கொண்டுதான், மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றாள். அந்த அம்மாவுக்கு என் முதல் கும்பிடு.

முடிவெடுத்தும் நிம்மதி இல்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில் இதயத்தின் இடது மேலறையில் இரத்தக் கட்டி தெரிந்தது. கட்டி இருக்கும்போது பலூன் போட்டால் அது நகர்ந்து மூளைக்குப் போய்விடலாம். ஆகவே இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை; இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கட்டி கரையாவிட்டால் ஆபரேஷன்தான். இந்தக் காத்திருப்புதான் எங்களை ஆட்டி எடுத்தது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம், அதனால் அதை அடியோடு விடவும் கூடாது, திடீரென்று அள்ளிச் சாப்பிடவும் கூடாது, வாராவாரம் ஒரே அளவு. கீரைக்கார அக்கா இதைக் கேட்டதும் கட்டைப் பிரித்து, கையால் அளந்து, வாழைநாரில் தனியாகக் கட்டி வைக்க ஆரம்பித்தார். மழையில் முருங்கைக்கீரை வராத வாரம், "தம்பி, இது அரைக்கீரை, டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க" என்று வீட்டுக்கே வந்து சொன்னார்.

மாடி வீட்டு மராத்தித் தாயி ஆஸ்பத்திரி ஓபிடி வரிசையில் எங்களோடு நின்று, அங்கே மராத்தியில் பேசியதை எல்லாம் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். மகாராஷ்டிர அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான ஜோதிராவ் புலே திட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் சரிபார்த்து, திருப்பி அனுப்பிய தாளையும் மறுபடி ஏற்ற வைத்தவர் அந்தத் திட்டத்துக்கு உதவ ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரோக்கிய மித்ரா தம்பி. கட்டி கரைந்து பலூன் போட்ட அன்று, நம் தெரு மண்டல் (இளைஞர் மன்றம்) பையன்கள் விடியற்காலையிலேயே இரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். பலூன் விரியும்போது வால்வு கிழிந்தால் உடனே ஆபரேஷன் என்பதால் கேட்டிருந்தோம். தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் வராண்டாவில் இருந்ததால்தான் என்னால் உட்காரவாவது முடிந்தது.

தைரியம் சொல்கிறேன் என்று ஃபோன் செய்து, இதே வியாதியில் போன அத்தை கதையைச் சொன்னவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல இன்னும் மனசு வரவில்லை. பார்க்கலாம்.

மாத்திரை தொடர்கிறது, அடுத்த எக்கோ தீபாவளிக்கு முன்னால். அப்புறம் ஒரு விஷயம்: கஞ்சியும் ரசமும் வந்த தூக்குவாளிகள் எங்கள் அடுக்களையில் குவிந்து கிடக்கின்றன. எது யார் வீட்டுடையது என்று இவளுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், காபி போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்