உன் மகளின் கம்பெனியும் வோனேஜ் வழக்கும்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி குறைந்ததா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே. இங்கே பனி விட்டுவிட்டது, மறுபடி காலை நடை தொடங்கியாயிற்று.

உன் மகள் இணையத் தொலைபேசிக் கம்பெனி தொடங்குகிறாள், அமெரிக்காவிலும் விற்கப்போகிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். காப்புரிமை வழக்கு என்று பயமுறுத்துகிறார்களே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். வோனேஜ் பட்ட பாட்டை இங்கிருந்தே பார்த்தவன் நான்.

வோனேஜ் எங்கள் ஊர்ப்பக்கத்து இணையத் தொலைபேசிக் கம்பெனி. 2006 மே மாதம் பங்கு 17 டாலர் என்று வெளியிட்டது. அடுத்த மாதமே பெரிய தொலைபேசிக் கம்பெனியான வெரைசன் வழக்குப் போட்டது. 2007 மார்ச்சில் வர்ஜீனியா ஜூரி, மூன்று காப்புரிமைகளை வோனேஜ் மீறிவிட்டது என்று சொல்லி 58 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது. இனி வரும் வருமானத்தில் 5.5 சதவீதம் வெரைசனுக்கு ராயல்டியாகக் கட்ட வேண்டும் என்றது வேறு.

அந்தக் காப்புரிமைகளில் முக்கியமான இரண்டும் எதைப் பற்றித் தெரியுமா? நீ ஒரு எண்ணை அழுத்துகிறாய். அது ஒரு சர்வருக்குப் போகிறது. அந்த எண்ணுக்குரியவர் இப்போது எந்த ஐபி முகவரியில், அதாவது இணையத்தில் எந்த இடத்தில், இருக்கிறார் என்று சர்வர் அட்டவணையில் தேடுகிறது. எதிரில் இருப்பது சாதாரண போன் என்றால், இணையத்தையும் சாதாரண போன் வலையையும் இணைக்கும் எந்த கேட்வே வழியாக அழைப்பை ஒப்படைப்பது என்று பார்க்கிறது. இந்தத் தேடலுக்குத்தான் பெல் அட்லாண்டிக் என்ற கம்பெனி 1997-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. அந்தக் கம்பெனிதான் பிறகு வெரைசன் ஆனது. அதை யோசித்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணைப் பார்த்து எங்கே இணைப்பது என்று முடிவு செய்யாமல் எந்தத் தொலைபேசி வேலை செய்யும்? அதைச் சுற்றி இவ்வளவு அகலமாக வேலி போட விட்டிருக்கவே கூடாது.

பணத்தை விடக் கொடுமை, ஏப்ரல் 6-ம் தேதி வந்த தடை. இருக்கிற வாடிக்கையாளர்களை வைத்துக்கொள், புதிதாக ஒருவரையும் சேர்க்காதே என்றார் நீதிபதி. இது ஆக்சிஜனை நிறுத்துவது போல என்று வோனேஜ் வக்கீல் வாதாடினார். அது மிகையே இல்லை. இந்தத் தொழிலில் மாதாமாதம் சிலர் விலகிக்கொண்டே இருப்பார்கள். புதியவர்கள் வராவிட்டால் கம்பெனி தானாகத் தேய்ந்துவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்றே தடையை நிறுத்தி வைத்ததால் பிழைத்தது. ஆனாலும் அடுத்த வாரமே தலைமை அதிகாரி விலகினார், ஆட்குறைப்பும் வந்தது.

அப்புறம் மற்ற போன் கம்பெனிகளும் ஆளாளுக்குக் காப்புரிமை வழக்கோடு வந்தார்கள். சமரசமாக ஸ்பிரிண்ட்டுக்கு 80 மில்லியன், ஏடி அண்ட் டிக்கு 39 மில்லியன். வெரைசன் வழக்கில், அதே ஆண்டு செப்டம்பரில், மேல்முறையீட்டில் ஒரு காப்புரிமை மீதான தீர்ப்பு ரத்தானது. 58 மில்லியனையும் மறுபடி கணக்கிடச் சொன்னார்கள். அப்படியிருந்தும் சமரசத்தில் 120 மில்லியன் கொடுத்துத்தான் வெரைசன் வழக்கு முடிந்தது. மூன்றையும் கூட்டினால் 239 மில்லியன். பாதியில் ஜெயித்தவனுக்கே இந்தக் கதி என்றால் சின்னக் கம்பெனி வக்கீல் செலவிலேயே மூழ்கிவிடும். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

வோனேஜ் தாக்குப்பிடித்தது. 2009-ல் மாதம் 24.99 டாலருக்கு இந்தியா உட்பட 60 நாடுகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று திட்டம் கொண்டுவந்தது. காலிங் கார்டைச் சுரண்டி, நீளமான பின் நம்பரை அழுத்தி, நிமிஷத்தை எண்ணி அம்மாவிடம் பேசிய எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? வழக்கில் அந்தக் கம்பெனி செத்திருந்தால் அதுவும் வந்திருக்காது. 2022-ல் எரிக்சன் அதை 6.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

உன் மகளிடம் இதைச் சொல். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3(k) பிரிவு இருக்கிறது, வெறும் மென்பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அமெரிக்காவில் விற்றால் அமெரிக்கக் காப்புரிமைதான் பேசும். 1997 விண்ணப்பத்தின் ஆயுள் முடிந்துவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு வந்தவை ஏராளம். விற்பதற்கு முன்பே ஒரு காப்புரிமை வக்கீலிடம் காட்டட்டும். வேறு போன் கம்பெனியிடம் மொத்தமாக இணைப்பு வாங்கும் ஒப்பந்தத்தில், வழக்கு வந்தால் செலவு யார் தலையில் என்ற வரியைக் கையெழுத்துக்கு முன் படிக்கட்டும். அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடத்தைத் தேதி போட்டு எனக்கு அனுப்பச் சொல். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இங்கே இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி