எண்ணிக்கையில் அகப்படாதவை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். ஓய்வுபெற்ற பின் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். உயர்திறன் நுண்ணலைத் துறையில் எந்தெந்த நாடு எதை ஆராய்கிறது என்பதை, வெளியான கட்டுரைகளைக் கொண்டு வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரத்திலேயே ஒரு சொல்லில் இடறினேன். 1 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் உச்சத்திறன் 100 மெகாவாட்டைத் தாண்டுவதையே பொதுவாக உயர்திறன் என்கிறோம். ஆனால் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முக்கியமானவர்களான ரஷ்யர்கள் அதைச் 'சார்பியல் உயரதிர்வெண் மின்னணுவியல்' என்றே எழுதிவந்தார்கள். நம் குறிச்சொல்லை மட்டும் நம்பித் தேடினால், ரஷ்ய நகரங்களான நீஷ்னி நோவ்கொரோதிலும் டாம்ஸ்க்கிலும் நடந்த வேலையில் பெரும்பகுதி வலையில் சிக்காமல் நழுவிவிடும். ஆகவே துறையின் பெயரை விட்டு, நுண்ணலையை உண்டாக்கும் கருவிகளின் பெயர்களைப் பிடித்துக்கொண்டேன். உடனே வரைபடம் பேசத் தொடங்கியது. பின்னலை அலையியற்றி (backward-wave oscillator) என்ற கருவியில் டாம்ஸ்க்கின் கை ஓங்கியிருக்கிறது. சார்பியல் மேக்னட்ரானின் தடம் 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைக்குப் போகிறது. வெளிக்காந்தம் தேவைப்படாத மைலோ (MILO) என்ற கருவி அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பிறந்து, பின்னர் சீனாவின் சாங்ஷாவில் பலமாக வேரூன்றியது. அணு இணைவு உலைகளுக்கான ஜைரோட்ரான்கள் என்ற நுண்ணலைக் கருவிகளைத் தனி நிறத்தில் வைத்தேன். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் (ITER) இணைவு உலைக்கு 170 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாவாட் தரும் அக்கருவிகள் உச்சத்திறன் வரையறைக்குள் வருவதில்லை என்றாலும், தொடர்ந்து நூற்றுக்கணக்கான நொடிகள் இயங்குபவற்றை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு நாட்டின் கட்டுரைகள் திடீரென்று குறைந்தால், ஆர்வம் வற்றியது என்று கொள்வதா, கதவு சாத்தப்பட்டது என்று கொள்வதா? அணுப்பிளவு பற்றிய கட்டுரைகள் அமெரிக்க இதழ்களிலிருந்து மறைந்ததைக் கவனித்த சோவியத் இயற்பியலாளர் ஃபிளியோரோவ், அங்கே இரகசியமாக வேலை நடக்கிறது என்று ஊகித்து 1942இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். மின்னணுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் ஆயுதங்களோடு நெருங்கிய உறவுள்ள நம் துறையில், எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தரவரிசை போடுகிறவர்கள் இதை எப்படி மறக்கிறார்களோ தெரியவில்லை. அத்தகைய இடங்களில் நான் பூச்சியம் போடாமல் வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

உங்கள் ரஷ்ய மொழி துருப்பிடித்திருக்காது என்று நம்புகிறேன். நான் தொகுத்த ரஷ்யக் கலைச்சொற்களின் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். கண் முழுதாகத் தேறிய பிறகு, அவசரமில்லாமல், விடுபட்டவற்றைக் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆய்வகத் தோழன்